மட்டி போலத் தெரியும், மட்டி இல்லை: பிராக்கியோபாட் எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே?

டர்பனில் நம்மவர் வீடுகளில் மஸ்ஸல் கறி தெரியாதவர்கள் குறைவு. உம்லங்கா, ஈசிப்பிங்கோ, ஸ்காட்பர்க் பாறைகளுக்கு நீர் வற்றும் நேரம் பார்த்து, உரிமச்சீட்டோடு மஸ்ஸல் எடுக்கப் போகிறவர்களும் உண்டு. அந்தப் பழக்கத்தில், கடற்கரையில் இரண்டு ஓடு சேர்ந்து கிடக்கும் எதைப் பார்த்தாலும் மட்டி என்றோ சிப்பி என்றோ சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

சரியாக இல்லாத இடம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்கக் கடலடியில், அதிலும் கேப் பக்கத்தில், இரண்டு ஓட்டுக்குள் வாழும் வேறொரு உயிர் இருக்கிறது. அதன் பெயர் பிராக்கியோபாட். மஸ்ஸலுக்கு மண்புழு எவ்வளவு தூரத்து உறவோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்து உறவுதான் இதுவும். மஸ்ஸல், சிப்பி, நத்தை, கணவாய் எல்லாம் மெல்லுடலி என்ற ஒரே பெரும்பிரிவைச் சேர்ந்தவை. பிராக்கியோபாட் தனிப் பெரும்பிரிவு.

இதைப் பற்றி உலவும் பேச்சுகளில் நான்கு அடிக்கடி காதில் விழுகின்றன. இது ஒரு வகை மட்டி என்பது ஒன்று. எப்போதோ அழிந்துபோனது, இப்போது கல்லில்தான் இருக்கிறது என்பது இரண்டாவது. மஸ்ஸலும் மட்டியும் துரத்தியதால் ஆழத்துக்கு ஓடிவிட்டது என்பது மூன்றாவது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மாறவே இல்லை என்பது நான்காவது. முதல் இரண்டும் தவறு. மூன்றாவது இரண்டு தனிக் கேள்விகளைப் போட்டுக் குழப்பியதால் வந்தது. நான்காவது ஓட்டின் வடிவத்தை மட்டும் பார்த்துச் சொன்னது. இந்த உயிர் எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே வாழ்கிறது என்று வரிசையாகப் பார்த்தால் நான்குக்கும் விடை வந்துவிடும்.

ஓட்டை வைத்தே பிரித்துச் சொல்லலாம்

ஒரு மஸ்ஸலைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் ஒரு ஓடு உடலின் இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். ஆனால் ஒற்றை ஓட்டைத் தனியாக வைத்து நடுவே ஒரு கோடு இழுத்தால் இரண்டு பாதியும் பொருந்தாது. ஒரு பக்கம் வளைந்திருக்கும், மறுபக்கம் நேராக இருக்கும்.

பிராக்கியோபாடில் இது தலைகீழ். அதன் ஓடுகள் இடம், வலம் அல்ல. முதுகுப்பக்கம் ஒன்று, வயிற்றுப்பக்கம் ஒன்று. வயிற்றுப்பக்க ஓடு பெரியது, அதன் நுனி மற்ற ஓட்டைத் தாண்டி நீண்டிருக்கும். ஆகவே இரண்டு ஓடும் ஒரே அளவில் இருக்காது. ஆனால் எந்த ஓட்டை எடுத்து நடுவே கோடு இழுத்தாலும் இடப்பாதியும் வலப்பாதியும் அச்சாகப் பொருந்தும். பத்தில் ஒன்பது சமயம் இந்த ஒரு சோதனையே போதும். கடிச்சிப்பி, விசிறிச் சிப்பி போன்றவற்றில் ஓடுகள் அளவு மாறுவதால் அங்கேதான் கொஞ்சம் தடுமாற்றம் வரும்.

அடுத்த அடையாளம் துளை. பெரிய ஓட்டின் நுனியில் ஒரு சிறு வட்டத் துளை இருக்கும். அதன் வழியே சதைக் காம்பு ஒன்று வெளியே வந்து பாறையைப் பிடித்துக்கொள்ளும். மஸ்ஸலுக்குக் காம்பு கிடையாது. சமைக்கும்முன் நாம் பிடுங்கி எறியும் அந்த நார்த்தாடியால்தான் அது ஒட்டிக்கொள்கிறது. ஆனால் துளையை மட்டும் நம்பக் கூடாது. அனோமியா என்ற ஒரு வகைச் சிப்பியின் கீழோட்டிலும் துளை உண்டு. 1766-இல் பல்லாஸ் என்ற இயற்கையியலாளர் கேப் கடலின் சிவப்பு பிராக்கியோபாடுக்குப் பெயர் வைத்தபோது அதையும் அனோமியா என்ற பேரினத்தில்தான் சேர்த்தார். அந்தக் காலத்தில் இரண்டுக்கும் ஒரே பெட்டி.

மூன்றாவது அடையாளம் செத்த பிறகு தெரியும். மட்டியின் ஓடுகளை இணைக்கும் நார், வில் போல எப்போதும் விரியப் பார்க்கும். உயிர் இருக்கும்வரை தசை இழுத்து மூடிவைக்கிறது. செத்ததும் ஓடு வாய் பிளந்துவிடும். மஸ்ஸல் வேகும்போது திறப்பதும் இதனால்தான். பிராக்கியோபாடில் அந்த வில் இல்லை. திறக்க ஒரு தசை, மூட ஒரு தசை. செத்தால் திறக்கிறவர் யாரும் இல்லை. பெரும்பாலான வகைகளில் ஓட்டின் பின்விளிம்பில் பற்களும் குழிகளும் கொக்கி போலப் பூட்டிக்கொண்டிருக்கும். அதனால் செத்த பிறகும் இரண்டு ஓடும் மூடியபடி ஒன்றாகவே கிடப்பது வழக்கம். பாறைகளில் முழு ஓடாக இவை இவ்வளவு கிடைப்பதற்கும் இது ஒரு காரணம்.

சுருக்கமாக: ஓட்டுக்குள்ளேயே இட வலப் பொருத்தம், அளவில் சமமில்லாத இரு ஓடுகள், நுனியில் காம்புத் துளை, தாடி இல்லை. நான்கும் சேர்ந்தால் அது பிராக்கியோபாட்.

உள்ளே இருப்பது: கொஞ்சம் சதை, நிறைய வெற்றிடம்

மஸ்ஸலைத் திறந்தால் ஓடு நிறையச் சதை. பிராக்கியோபாடைத் திறந்தால் முதலில் ஏமாற்றம்தான். சதை பின்மூலையில் ஒரு சிறு முடிச்சாக இருக்கும். மிச்ச இடம் முழுவதும் இறகு போன்ற ஓர் உறுப்பு. இதற்கு லோஃபோஃபோர் என்று பெயர்: வாயின் இரு பக்கமும் சுருண்டு வளைந்த கைகள், அவற்றின் ஓரத்தில் வரிசையாக மெல்லிய விரல்கள், ஒவ்வொரு விரலிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள்.

அது உணவு எடுக்கும் முறை இப்படி. ஓடு சில மில்லிமீட்டர் மட்டும் திறக்கிறது. நுண்மயிர்கள் ஒரே சீராக அடித்து, பெரும்பாலான வகைகளில் ஓட்டின் இரு ஓரங்கள் வழியாக நீரை உள்ளே இழுக்கின்றன. நீர் விரல்களுக்கு இடையே புகுந்து, முன்விளிம்பின் நடுவழியாக வெளியேறுகிறது. விரலில் பட்ட நுண்பாசியும் துகளும் ஒரு பள்ளத்தில் விழுந்து வாய்க்குப் போகின்றன. பல வகைகளில் ஓட்டின் முன்விளிம்பு நடுவில் மடிந்து நெளிந்திருப்பதைப் பார்க்கலாம். உள்ளே போகும் நீரும் வெளியே வரும் நீரும் கலந்துவிடாமல் பிரிக்க அந்த நெளிவு உதவுகிறது.

கொக்கிப் பூட்டுள்ள வகைகளுக்கு மலத்துளை கிடையாது. குடல் ஒரு முனையில் முடிந்துபோகிறது. கழிவு சிறு உருண்டையாகி வந்த வழியே வாய்க்குத் திரும்பி, ஓட்டைப் படக்கென்று மூடும் வேகத்தில் வெளியே தள்ளப்படுகிறது. அருவருப்பாகத் தோன்றலாம், ஆனால் 50 கோடி ஆண்டுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு இது.

இனி முக்கியமான விஷயம். மஸ்ஸலும் நீரை வடிகட்டித்தான் சாப்பிடுகிறது, ஆனால் அது பெரிய செவுள்களால் வேகமாக நீரை இறைக்கும். நிறைய உணவு, நிறைய ஆக்சிஜன், வேகமான வளர்ச்சி. பிராக்கியோபாட் கொஞ்சமாக இறைக்கும், கொஞ்சமாகச் செலவழிக்கும், மெதுவாக வளரும். லோட்ஷெடிங் ஸ்டேஜ் 6 என்ற கடும் மின்வெட்டு நடந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். கீசர், டீப் ஃப்ரீசர், மின்னடுப்பு என்று எல்லாவற்றையும் மின்சாரத்தில் ஓட்டும் வீடு திண்டாடியது. இரண்டு எல்இடி விளக்கும் ஒரு கேஸ் அடுப்பும் வைத்திருந்த வீடு பெரிதாகக் கவலைப்படவில்லை. மின்சாரம் தடையில்லாமல் வந்தால் முதல் வீட்டில்தான் வேலை வேகமாக நடக்கும் என்பதும் உண்மை. மஸ்ஸல் முதல் வீடு, பிராக்கியோபாட் இரண்டாவது வீடு. உணவு தாராளமாக அடித்துக்கொண்டுவரும் அலைப்பாறையில் மஸ்ஸல் ஜெயிக்கும். உணவு வருவதும் நிற்பதுமாக இருக்கும் ஆழத்திலும் குளிரிலும் இருட்டிலும் குறைந்த செலவில் வாழ்வதுதான் பலம்.

எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அணுகுண்டுச் சோதனைகளால் 1950-களிலிருந்து கடலில் கலந்த கதிரியக்கக் கார்பனை, அண்டார்டிகாவின் லியோதிரெல்லா ஊவா என்ற பிராக்கியோபாடின் ஓட்டில் லாயிட் பெக், தாமஸ் பிரே இருவரும் அளந்தார்கள். 1996-இல் வெளியான முடிவு: சில சென்டிமீட்டரே உள்ள அந்த உயிர் 50 ஆண்டுக்கு மேல் வாழ்கிறது.

எதன்மேல் ஒட்டும், எது கெடுக்கும்

பெரும்பாலான பிராக்கியோபாடுக்கு முதல் தேவை கெட்டியான ஒரு பிடிமானம். பாறை, சரளை, செத்த சிப்பி ஓடு, பவளத் துண்டு, இன்னொரு பிராக்கியோபாட், எதுவானாலும் சரி. வெறும் சேற்றில் காம்பு பிடிக்காது. சேற்றுக்கடல் நடுவே ஒரு பழைய ஓடு கிடந்தால் அதன்மேல் மட்டும் நான்கைந்து ஒட்டியிருக்கும். வரைபடத்தில் அந்த இடத்துக்குச் சேறு என்று நிறம் தீட்டியிருப்பார்கள். ஆனால் அந்த உயிர் வாழ்வது சேற்றில் அல்ல, சேற்றில் கிடந்த ஓட்டின்மேல்.

இரண்டாவது தேவை, நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் மண்ணை அள்ளிக்கொட்டக் கூடாது. சொந்தமாக இறைப்பது குறைவு என்பதால் நீரோட்டம் உணவைக் கொண்டுவந்து தருவது இதற்கு லாபம். மண் மிகுந்தால் விரல்களுக்கிடையே அடைத்துக்கொள்ளும். துகளை வாய்க்குப் போகவிடாமல் ஒதுக்கவும், ஓட்டைப் படக்கென மூடித் துப்பவும் தெரியும் என்றாலும் அதற்கும் ஓர் அளவு உண்டு. பெரிய ஆறு கலங்கிக் கொட்டும் முகத்துவாரத்தருகே இவற்றைத் தேடிப் பயனில்லை.

மூன்றாவது, வெளிச்சம் குறைந்த இடம். நீருக்குள் இருக்கும்வரை வெயில் இவற்றைக் கொல்வதில்லை. ஆனால் வெயில் படும் பாறையில் கடற்பாசி வேகமாகப் படரும், அதை மேய வரும் உயிர்கள் சிறு குஞ்சுகளையும் சேர்த்துச் சுரண்டிவிடும். ஆகவே ஆழம் குறைந்த நீரில் இவை கல்லின் அடிப்பக்கம், பாறையின் கூரைபோல் நீட்டிய பகுதி, குகைச் சுவர் என்று ஒதுங்கியிருக்கும். வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் இது இன்னும் அதிகம். அங்கே சில மில்லிமீட்டர் அளவில் குட்டியாகவே வளர்ந்து முடியும் வகைகள் இருட்டுப் பிளவுகளுக்குள் இருக்கின்றன. முக்குளிப்பவர்கள் ஆயிரம் முறை பக்கத்தில் போயும் கண்ணில் படாது.

விதிவிலக்கு ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாடப்புத்தகத்தில் படம் வருவது அதற்குத்தான். லிங்குலா. இதன் ஓடு சுண்ணத்தால் ஆனதல்ல. நம் எலும்பைப் போலப் பாஸ்பேட் சேர்ந்தது. நீண்ட காம்போடு மண்ணுக்குள் செங்குத்தாகக் குழி தோண்டி வாழும். வெப்பமான இந்திய, பசிபிக் கடற்கரைச் சேற்றுமணல் அதன் இடம். தாய்லாந்திலும் ஜப்பானின் அரியாக்கே கடற்பகுதியிலும் இதைச் சாப்பிடுகிறார்கள். லிங்குலாவை மட்டும் படித்துவிட்டு, பிராக்கியோபாட் எல்லாம் சேற்றில் குழி தோண்டும் என்று எழுதுவது, கெளுத்தியைப் பார்த்துவிட்டு மீனெல்லாம் மீசை வைத்திருக்கும் என்று சொல்வதுபோல.

குஞ்சு எத்தனை நாள் மிதக்கும்?

ஒட்டிக்கொண்டு வாழும் உயிர் எப்படி ஊர்விட்டு ஊர் போகும்? லார்வாவாக இருக்கும்போதுதான். முட்டையிலிருந்து வந்து, பெரிய உயிரின் வடிவத்தை அடையும்முன் நீந்தித் திரியும் பருவம் லார்வா. பிராக்கியோபாடின் பரவலைப் புரிந்துகொள்ள, ஓட்டைவிட லார்வாவின் ஆயுள்தான் முக்கியம் என்பேன்.

கொக்கிப் பூட்டுள்ள சுண்ண ஓட்டு வகைகளின் லார்வா சாப்பிடுவதில்லை. முட்டையில் வந்த கருவுணவே அதன் கட்டுச்சோறு. சில மணி நேரம் முதல் சில நாட்கள்வரை மிதந்து, கையிருப்பு தீரும்முன் ஓர் இடத்தைப் பிடித்தாக வேண்டும். சில வகைகளில் தாய் தன் லோஃபோஃபோருக்குள்ளேயே லார்வாக்களைச் சில காலம் வைத்துக் காப்பதால் வெளியில் மிதக்கும் நேரம் இன்னும் குறைகிறது. விளைவு, பிள்ளைகள் தாய்க்குப் பக்கத்திலேயே, பல சமயம் தாயின் ஓட்டின் மேலேயே, குடியேறுகின்றன. ஒரு பாறையில் நூறு இருக்கும். பக்கத்தில் அதே ஆழம், அதே நீர் உள்ள பாறையில் ஒன்றுகூட இருக்காது. அந்தப் பாறை பொருத்தமில்லை என்று முடிவுகட்டக் கூடாது. யாரும் அங்கே போய்ச் சேரவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

பாஸ்பேட் ஓட்டு வகைகளின் லார்வாவோ சாப்பிட்டுக்கொண்டே மிதக்கும். வாரக்கணக்கில் நீரோட்டத்தோடு போகும். பெலகோடிஸ்கஸ் அட்லாண்டிகஸ் என்ற சின்னஞ்சிறு பிராக்கியோபாட் உலகின் பெருங்கடல்கள் பலவற்றிலும் ஆழ்கடல் தரையில், 5,000 மீட்டருக்குக் கீழும் கிடைப்பதற்கு இந்த நீண்ட பயணம்தான் காரணம். குடும்பம் ஒன்றானாலும் கட்டுச்சோறு வேறு, ஆகவே வரைபடமும் வேறு.

இதோடு மனிதன் செய்த ஒரு வேலையையும் சேர்க்க வேண்டும். டிஸ்கினிஸ்கா டெனுயிஸ் என்பது நமீபியக் கரைக்கே உரிய பிராக்கியோபாட். தட்டையாக, வட்டமாக, பழுப்பு நிறத்தில், ஓரமெல்லாம் நீண்ட முட்மயிர்களோடு இருக்கும். ஒன்றின்மேல் ஒன்றாகக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். ஸ்வாகோப்முண்ட் கடற்கரையில் ஓடுகள் ஒதுங்கும். இது தென்னாப்பிரிக்காவின் சல்தன்யா விரிகுடாவில், வளர்ப்புச் சிப்பிகளின்மேல் ஒட்டியிருப்பதாக 2010-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. வளர்ப்புக்காக இடம் மாற்றப்பட்ட சிப்பிகளோடு வந்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. சிப்பியைக் கூடையில் ஏற்றுமுன் ஓட்டைச் சுரண்டி, நன்னீரில் முக்கிச் சுத்தம் செய்வது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியும் உயிரைச் சுரண்டிவிடலாம். மில்லிமீட்டர் அளவுக் குஞ்சு தப்பிவிடும்.

இதுவரை சொன்னதன் சாரம்: பிடிமானம், மிதமான நீரோட்டம், நிழல், இவை மூன்றும் ஓர் இடத்தில் வாழ முடியுமா என்பதைத் தீர்மானிக்கின்றன. அங்கே உண்மையில் இருக்குமா என்பதை லார்வாவின் ஆயுளும் நீரோட்டத்தின் திசையும் தீர்மானிக்கின்றன.

இரண்டு நீரோட்டங்களுக்கு நடுவே

தென்னாப்பிரிக்காவின் இரு கரைகளும் ஒரே நாட்டின் கரைகள் என்று நம்புவது கடினம். கிழக்கில் அகுல்ஹாஸ் நீரோட்டம் வெப்பமண்டலத்திலிருந்து வெந்நீரைக் கொண்டுவருகிறது. டர்பனில் மார்கழியில் கடலில் இறங்கினால் சுகமாக இருப்பது இதனால்தான். மேற்கில் பெங்குவேலா. அங்கே காற்று மேல்நீரைக் கரையிலிருந்து தள்ளிவிட, அடியில் இருக்கும் குளிர்ந்த சத்து மிகுந்த நீர் மேலே ஏறிவரும். இதற்கு நீர் மேலேற்றம் என்று பெயர். கோடையில்கூட அங்கே நீர் பல நாட்கள் பற்களைக் கிட்டவைக்கும். இரண்டுக்கும் நடுவே, தெற்கே, அகுல்ஹாஸ் திட்டு என்ற அகலமான ஆழமற்ற கடலடி 200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கிறது.

இந்த ஏற்பாட்டில் பிராக்கியோபாடுக்கு யோகம் அடிப்பது தெற்கிலும் தென்மேற்கிலும். குளிர்நீர், அகலமான கடலடி, இடையிடையே பாறையும் சரளையும். பல்லாஸ் பெயரிட்ட அந்தச் சிவப்பு உயிர், இன்றைய பெயரில் கிராவுஸினா ரூப்ரா, இங்கேதான் எளிதாகக் கிடைக்கும். சுமார் இரண்டு சென்டிமீட்டர், இளஞ்சிவப்பு நிறம், நுனியிலிருந்து விசிறிபோல் பிரியும் மெல்லிய வரிகள். மற்ற வகைகளைப் பார்க்கக் கப்பலில் போய் ஆழத்தைத் துழாவ வேண்டும். இதை மட்டும் நன்றாக நீர் வற்றிய நாளில் கல்லடியில் பார்த்துவிடலாம். ஆழம் கூடும்போது டெரெப்ராடுலினா போன்ற வேறு இனங்கள் வருகின்றன.

குவாசூலு-நட்டால் பக்கம் கதை வேறு. கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடலடி, பல இடங்களில் ஒடுக்கமாக இருக்கிறது. கரையோரப் பாறைகளைப் பழுப்பு மஸ்ஸலும் ரெட்பெயிட் என்ற ஒட்டுயிரும் கடற்பாசியும் நிறைத்துவிடுகின்றன. ஆறுகள் கோடைமழையில் மண்ணைக் கொட்டுகின்றன. மஸ்ஸல் எடுக்கப் போகும் இடத்தில் பிராக்கியோபாட் கண்ணில் படவில்லை என்றால் வியப்பில்லை. வெளித்திட்டில் நீரோட்டம் மண்ணைத் துடைத்துக்கொண்டு போகும் கெட்டித் தரையில்தான் அவற்றுக்கு வாய்ப்பு அதிகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பரவல் வரைபடத்தில் உள்ள புள்ளிகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். 1873-இல் சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் ஆய்வுக்கப்பல் கேப்புக்கு வந்தது. 1890-களின் இறுதியிலிருந்து பீட்டர் ஃபோர் என்ற அரசு ஆய்வுக்கப்பல் கரையோரம் இழுவைக்கூடை போட்டது. பிறகும் பல கப்பல்கள். நார்ட்டன் ஹில்லர் 1990-களில் இந்தப் பொருட்களையெல்லாம் ஆராய்ந்து தென்னாப்பிரிக்க இனங்களின் பரவலைத் தொகுத்தார். ஆனால் புள்ளி விழுந்தது கூடை விழுந்த இடத்தில்தான். கரடுமுரடான பாறைமேல் கூடை போட்டால் வலை கிழியும், கம்பி அறும். அதனால் கப்பல்காரர்கள் மணலும் சேறும் உள்ள தரையையே விரும்புவார்கள். பிராக்கியோபாட் விரும்புவதோ பாறை. ஆகவே வெற்றிடமாகத் தெரியும் பகுதியில் உயிர் இல்லை என்பதற்கும், அங்கே யாரும் கூடை போடவில்லை என்பதற்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.

இன்னொரு பொறி, செத்த ஓடு. மூடியபடியே கிடக்கும் வெற்றோடு உருண்டு வெகுதூரம் போகும். கூடையில் வந்த ஓடு உயிரோடு இருந்ததா என்று சொல்ல, துளையில் காம்பின் மிச்சம், உள்ளே லோஃபோஃபோர், தேயாத வரிகள், ஓரத்து முட்மயிர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். துளை வெறுமையாக, நுனி தேய்ந்து, உள்ளே மணல் நிறைந்திருந்தால் அந்தப் பதிவு ஓடு போய்ச் சேர்ந்த இடத்தைக் காட்டுகிறது, உயிர் வாழ்ந்த இடத்தை அல்ல. பழைய பட்டியல்களில் இந்த இரண்டும் பிரிக்கப்படாமல் கலந்திருப்பது உண்டு. ஒரு வகை 50 மீட்டர் முதல் 900 மீட்டர்வரை வாழும் என்று எங்காவது படித்தால், கீழ்க்கோடி எண் உயிருள்ளதா, சரிவில் உருண்ட ஓடா என்று கேளுங்கள்.

மஸ்ஸல் துரத்தியதா?

இப்போது அந்த மூன்றாவது பேச்சு. இன்று வாழும் பிராக்கியோபாட் இனங்கள் சுமார் 400. கல்லில் கிடைத்தவை 12,000-க்கும் மேல். ஒருகாலத்தில் கடலடியின் பெரும்பங்கு இவற்றுடையது. இன்று அந்த இடம் மட்டிகளுக்கு. ஆகவே மட்டிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி மூலையில் ஒதுக்கிவிட்டன என்ற கதை எளிதாகப் பிறந்துவிட்டது.

1980-இல் ஸ்டீவன் ஜே கூல்டும் பிராட்ஃபோர்ட் காலவேயும் புவிவரலாறு முழுவதற்கும் இரண்டு கூட்டத்தின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டார்கள். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்ற உறவு அதில் இல்லை. பெரிய சரிவு ஒரே அடியில், சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலத்தின் முடிவில் நடந்த பேரழிவில் வந்தது. இரு தரப்பும் அடிவாங்கின. பிராக்கியோபாட் மிக மோசமாக. பிறகு மட்டிகள் பெருகின, பிராக்கியோபாட் பழைய நிலைக்கு மீளவில்லை.

அப்படியானால் இன்று இரண்டுக்கும் போட்டியே இல்லையா? இருக்கிறது. சார்லஸ் தேயர் 1985-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரே பரப்பில் இரண்டையும் விட்டால் மஸ்ஸல் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆனால் அதே சோதனைகளில் வேட்டையாடும் உயிர்கள் மஸ்ஸலையே விரும்பித் தின்றன. பிராக்கியோபாடின் சதை அவற்றுக்குப் பிடிக்கவில்லை. அதாவது மஸ்ஸலைத் தின்பவை மிகுந்த இடத்தில், ருசியில்லாத பிராக்கியோபாடுக்கு இடம் மிஞ்சும்.

இரண்டையும் கலக்காமல் வைத்துக்கொண்டால் போதும். 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏன் குறைந்தது என்பது ஒரு கேள்வி. இன்று இந்தப் பாறையில் ஏன் இல்லை என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு மஸ்ஸல் ஒரு பதில். முதலாவதற்கு அது பதில் அல்ல.

மாறவே இல்லையா?

அழிந்துவிட்டதாக நினைத்திருந்து, 1938-இல் நம் நாட்டு ஈஸ்ட் லண்டனில் வலையில் வந்த சீலகந்த் மீனால், உயிருள்ள புதைபடிவம் என்ற சொல் இந்த நாட்டில் மிகவும் பிரபலம். லிங்குலாவுக்கும் அதே பட்டத்தைக் கொடுத்துவிட்டார்கள். வெளி ஓடு பழையதைப் போல இருப்பது உண்மை. ஆனால் 2015-இல் லிங்குலாவின் மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, அது தொடர்ந்து மாறிவந்திருப்பது தெரிந்தது. இதற்கு மேல் இந்தப் பேச்சில் சத்து இல்லை.

கரூ ஓரத்தில் பழைய கடலடி

மேற்கு கேப்பின் சீரெஸ் ஊர்ப் பக்கத்தில், பொக்கவெல்ட் என்ற பாறைத்தொகுதியின் கற்களில் சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையான பிராக்கியோபாட் ஓடுகளின் அச்சு ஏராளம். அன்றைய தென்னாப்பிரிக்கா தென்துருவத்துக்கு அருகே, குளிர்ந்த ஆழமற்ற கடலுக்கடியில் கிடந்தது. அதே கூட்டத்து உயிர்கள் தென்னமெரிக்காவிலும் ஃபாக்லாந்து தீவுகளிலும் கல்லில் கிடைக்கின்றன. அந்த நிலங்கள் அப்போது ஒன்றாக இருந்தன. பவளத்திட்டுகள் அந்தக் கற்களில் இல்லை. குளிர்நீர், மெதுவான வாழ்க்கை, பிராக்கியோபாடின் ஆதிக்கம்: முன்பு சொன்ன சிக்கனக் கணக்கு அன்றும் வேலை செய்திருக்கிறது.

அந்தக் கற்களைப் பார்க்கலாம், படமெடுக்கலாம். எடுத்துக்கொண்டு வர முடியாது. 1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டப்படி புதைபடிவங்களை உரிமம் இல்லாமல் எடுப்பது குற்றம்.

உயிரோடு பார்க்க விரும்பினால்

அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய நாளைத் தேர்ந்தெடுங்கள். தென்னாப்பிரிக்கக் கரையில் அந்த நாட்களில் கடல் மிகவும் வற்றும் நேரம் காலை ஒன்பதரை, பத்தரை வாக்கில் வரும். அதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், நீர் இறங்க இறங்கப் பின்தொடர்ந்து, திரும்பி ஏறும்முன் வெளியே வந்துவிடுங்கள். அலைக்கு முதுகைக் காட்டாதீர்கள். கேப் பக்கத்தில், அலை நேராக அடிக்காத, கற்கள் நிறைந்த ஓரம் நல்லது.

இரு கையால் எளிதாகப் புரட்டக்கூடிய கல்லை மட்டும் மெதுவாகப் புரட்டுங்கள். அடிப்பக்கத்தில் பார்க்க வேண்டியது விரல்நகத்தளவு இளஞ்சிவப்புக் குமிழ். கல்லுக்கும் ஓட்டுக்கும் நடுவே சிறு இடைவெளி விட்டு, காம்பில் நிற்பதுபோல் தெரியும். நுனி கல்லின் பக்கம், வாய் வெளிப்பக்கம். மென்மையாகத் தொட்டால் பக்கவாட்டில் கொஞ்சம் அசையும், கூடவே ஓடு மூடிக்கொள்ளும். பாறையோடு இறுக ஒட்டும் லிம்பெட்டோ பார்னக்கிளோ அசையாது. குஞ்சு மஸ்ஸலானால் நாரிழைகள் தெரியும்.

பிடுங்கினால் காம்பு அறுந்து செத்துப்போகும். மறுபடி ஒட்டவைக்க முடியாது. மஸ்ஸலுக்கு வாங்கிய உரிமச்சீட்டு இதை எடுக்க உதவாது. நாணயம் ஒன்றை அளவுக்குப் பக்கத்தில் வைத்து மூன்று படம் எடுங்கள்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, நுனித் துளை தெரியும்படி ஒன்று. மூன்றாவது இல்லாவிட்டால் படத்தைப் பார்க்கும் நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உயிர்களின் படங்களைப் பதியும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றும்போது கல்லடியில் உயிரோடு இருந்ததா, கரையில் ஒதுங்கிய ஓடா என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். படம் எடுத்ததும் கல்லைப் பழைய பக்கமே கீழே வரும்படித் திருப்பிவையுங்கள். தலைகீழாக விட்டுப்போன கல்லில் அடிப்பக்கத்து உயிர்கள் வெயிலில் காய்ந்தும், மேற்பக்கத்து உயிர்கள் அடியில் சிக்கியும் ஒருசேரச் சாகும்.